உங்கள் தெருவில் படைவீரர் குடும்பம் இருக்கிறதா?



டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். 1949 முதல் நாடே கடைப்பிடித்துவரும் நாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என முப்படைகளையும் குறிக்கும் சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு, முடிந்த தொகையை உண்டியலில் போடுகிறோம். போரில் உயிர்நீத்தோரின் குடும்பங்களுக்கும், உறுப்பிழந்தோருக்கும், முதுமையில் ஆதரவற்றுப்போன முன்னாள் வீரர்களுக்கும் அந்த நிதி உதவுகிறது. இந்த முறையும் தாராளமாகக் கொடுங்கள். ஆனால், பணத்தைவிட அவசரமான ஒன்றைக் கேட்கவே இந்த வேண்டுகோளை எழுதுகிறோம்.

படைவீரரை மதிக்கப் புதுச்சேரிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் 1938-இல் திறக்கப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம், முதல் உலகப்போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவர்களை ‘சொல்தா’ என்று அழைத்த ஊர் இது. ஓய்வுபெற்ற சொல்தாக்களுக்கென்றே ‘ஃபுவாயே து சொல்தா’ என்ற இல்லம் நகரில் இருக்கிறது. தம்மோடு பணியாற்றியவர்களைத் தாமே கவனித்துக்கொள்ளும் பழக்கம் இங்கே நெடுநாளாக உண்டு.

நம் அரியாங்குப்பத்துக்கே இதில் ஒரு வரலாறு உண்டு. 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது இங்கிருந்த பிரெஞ்சுக் கோட்டையைச் சுற்றிக் கடும் சண்டை நடந்தது. ஆண் உடையில் ஆங்கிலப் படையில் சேர்ந்திருந்த ஹன்னா ஸ்நெல் என்ற பெண், அந்த முற்றுகையில் தமக்குக் காயம்பட்டதாகச் சொன்னார். ஊர் திரும்பியதும் கம்பர்லாந்து கோமகனிடம் மனுக் கொடுத்து, 1750-இல் ஓய்வூதியமும் பெற்றார். உழைத்தவருக்கு உரியதுகூட, கேட்டால்தான் அன்றும் கிடைத்தது.

இன்றும் நிலை அதுதான். பதினைந்து ஆண்டுப் பணியை முடிக்காமல் வெளிவந்த சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு மாத ஓய்வூதியம் இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஹவில்தார் அல்லது அதற்குக் கீழான பதவியில் இருந்தவர்களாய், 65 வயதைக் கடந்து, வேறு வருமானமின்றித் தவித்தால், மத்திய சைனிக் வாரியம் மாதம் 8,000 ரூபாய் தருகிறது. அவர்களின் விதவைகளுக்கும் இது உண்டு. அதே பதவிநிலையில் இருந்த படைவீரர்களின் பிள்ளைகள் இருவருக்கு, முதல் வகுப்பிலிருந்து பட்டப்படிப்புவரை தலைக்கு மாதம் 2,000 ரூபாய். மகள் திருமணத்துக்கு ஒரு லட்சம். இவை எல்லாம், 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு முன்பைவிட இரட்டிப்பாக்கப்பட்ட தொகைகள்.

பணம் இருக்கிறது, விண்ணப்பம்தான் போய்ச் சேருவதில்லை. கணவர் இறந்தபின் பீரோவில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எங்கே காட்டுவது என்று மனைவிக்குத் தெரியாது. ஆதாரில் முத்துலட்சுமி, ராணுவப் பதிவில் வெறும் லட்சுமி என்றிருந்தால் குடும்ப ஓய்வூதியமே சிக்கிக்கொள்ளும். அதைத் திருத்த, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வாழ்வுச் சான்று தராவிட்டால், வந்துகொண்டிருக்கும் ஓய்வூதியமும் நின்றுபோகும். எழுபது வயது மூதாட்டி தனியாக இதையெல்லாம் எப்படிச் செய்வார்?

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை:

1. வீராம்பட்டினம் முதல் நோணாங்குப்பம்வரை, உங்கள் தெருவில் முன்னாள் படைவீரரோ அவர் மனைவியோ இருந்தால் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

2. கல்லூரிப் பிள்ளைகளே, வாழ்வுச் சான்றைக் கைப்பேசியில் முகப்பதிவு மூலம் வீட்டிலிருந்தே கொடுக்கலாம். இயலாத முதியவர்களுக்கு அதைச் செய்து கொடுங்கள். மேலே சொன்ன உதவித்தொகைகளுக்கான இணைய விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுங்கள்.

3. நடக்க முடியாதவர்களைப் புதுச்சேரி முப்படை நலத்துறை அலுவலகத்துக்கும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்கும் அழைத்துச் செல்ல ஆட்டோ, கார் வைத்திருப்போர் முன்வாருங்கள்.

4. கடை, ஆலை நடத்துவோரே, முப்பத்தைந்து, நாற்பது வயதில் சீருடையைக் கழற்றி வருபவர்களுக்குக் காவலாளி வேலை மட்டும்தான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வண்டி பழுது பார்த்தவர், கிடங்குக் கணக்கு வைத்தவர், தகவல் தொடர்பு கற்றவர் எல்லாம் அவர்களில் இருக்கிறார்கள்.

5. தலைமையாசிரியர்களே, கொடிநாளன்று ஊர்ப் படைவீரர் ஒருவரையாவது பள்ளிக்கு அழைத்துப் பேசச் செய்யுங்கள்.

இந்த உதவிகளுக்காகத் தரகர் எவருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். யாராவது கேட்டால் நலத்துறை அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

மேடையில் பொன்னாடை போர்த்துவதை நாங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. சியாச்சின் பனியில் நின்றவரின் மனைவி, தமக்குச் சேரவேண்டிய பணம் எங்கிருக்கிறது என்று தெரியாமல் ரேஷன் அரிசியை மட்டும் நம்பி வாழ்ந்தால், அந்தப் பொன்னாடைக்குப் பொருளில்லை. கொடிநாளுக்கு முன்பே ஒரு வீட்டின் கதவையாவது தட்டுங்கள். அந்த வீட்டாருக்கு உரியது கையில் கிடைக்கும்வரை கூடவே நில்லுங்கள்.

இங்ஙனம்,
அரியாங்குப்பம் வட்டார முன்னாள் படைவீரர்கள், குடும்பத்தினர், நண்பர்கள்