இரும்பைச் சதுர அடியால் அளக்கலாமா?

நமது வட்டாரச் சங்கங்களில் நெற்கிடங்கோ, நூல் கிடங்கோ, தறிக்கூடமோ எதைக் கட்ட முற்பட்டாலும், இன்று இரும்புத் தூண், இரும்புச் சட்டம், மேலே தகரக் கூரை என்றே திட்டமிடுகிறோம். திட்டம் நல்லதே. ஆனால் அதன் மதிப்பீடு பொதுக்குழுவின் முன் வரும்போது, “சதுர அடி இன்ன விலை” என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. இவ்வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

செல்லூர் நெசவாளர் ஒருவரிடம் நூறு சேலைக்கு எவ்வளவு நூல் வேண்டும் என்று கேட்டால், பாவுக்கு இவ்வளவு, ஊடைக்கு இவ்வளவு, சேதம் இவ்வளவு என்று பிரித்தே சொல்வார். இரும்பும் எடையால் விற்கப்படும் பொருள்தான். எடை தெரியாமல் விலை தெரியாது. இதற்குப் பெரும் படிப்பும் வேண்டுவதில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லி மீட்டர் கனமும் உள்ள இரும்புத் தகடு 7.85 கிலோ நிறுக்கும். கம்பியாயின், விட்டத்தை மில்லி மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லி மீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 890 கிராம். வரைபடம் முழுமை பெற்றிருந்தால் ஒவ்வோர் உறுப்பின் எடையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிவிடலாம். வரைபடம் முடியுமுன் விலை சொல்பவர் ஊகத்தையே சொல்கிறார். ஒன்று, தமக்கு நட்டம் வராதபடி கூட்டிச் சொல்வார்; அல்லது குறைத்துச் சொல்லி, பின்னர் “கூடுதல் வேலை” என்று கணக்கு நீட்டுவார்.

இணைப்புத் தகடு, அடித்தகடு, போல்ட்டு, வெட்டுச் சேதம் ஆகியவை மதிப்பீட்டில் எளிதில் விட்டுப்போகும். பற்றவைப்புக் கூலி, துருத் தடுப்புப் பூச்சு, கிரேன் வாடகை, 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவையும் உண்டு. லாரி வாடகையைத் தனியே சொல்லவேண்டும். சரக்குக் கட்டணச் சமன்பாட்டு முறை இருந்த காலத்தில், உருக்காலைக்கு அருகிலிருந்தோரும் மதுரைக்காரரும் ஏறக்குறைய ஒரே விலை கொடுத்தனர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்முறை நீங்கியது. தூரத்தின் செலவு இப்போது நம்முடையதே.

விலையும் நிலைத்து நிற்பதில்லை. உருக்குப் பொருள்கள் பலவற்றின் மீது 2022 மே மாதம் விதிக்கப்பட்ட 15 சதவீத ஏற்றுமதி வரி, அவ்வாண்டு நவம்பரிலேயே நீக்கப்பட்டது. அருகிலுள்ள பாம்பனையும் பாருங்கள். 2019-இல் புதிய ரயில் பாலத்துக்கு அடிக்கல் நாட்டியபோது சொல்லப்பட்ட தொகை சுமார் 250 கோடி ரூபாய். 2025 ஏப்ரலில் திறந்தபோது அது 550 கோடியைத் தாண்டியிருந்தது. விலையேற்றம் ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. கடலின் நடுவே தூக்குப் பாலம் அமைப்பது எளிய காரியமன்று. எனினும் பெரிய பொறியாளர்களின் தொகையே இப்படி வளருமாயின், சங்கத்தின் ஒரு வரி மதிப்பீடு எம்மட்டு?

அடுத்த பொதுக்குழுவில் கட்டடத் தீர்மானம் வந்தால், அங்கத்தினர்கள் முதலில் எடைத் தாளைக் கேட்கவேண்டும். விலை எந்தத் தேதிக்குரியது, எத்தனை நாள் செல்லும் என்பதையும் அதில் எழுதி வாங்கவேண்டும். கம்பி வந்திறங்கும் நாளில் எடைமேடைச் சீட்டை அந்தத் தாளோடு ஒப்பிடும் பொறுப்பை நிர்வாகக் குழுவில் ஒருவரிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படையுங்கள். 12 மில்லி மீட்டர் கம்பிக்கு எடையில் ஐந்து சதவீதம் வரை கூடவோ குறையவோ இந்தியத் தர நிர்ணயம் இடமளிக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் லாரியைத் திருப்பி அனுப்பத் தயங்கவேண்டாம்.