கரையோர வீட்டுக்கு இரண்டு விலை

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்து பழைய சாராய ஆலையைத் தாண்டினால் ஊரின் சாயல் மாறிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் நூல் பிடித்துப் போட்ட தெருக்கள் சர்தார் வல்லபாய் பட்டேல் சாலையோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் குருசுக்குப்பம். இன்னும் வடக்கே வைத்திக்குப்பம், சோலை நகர். நகராட்சிக் கணக்கில் இவை நகரத்தின் பகுதிகள். அங்கே பிறந்தவர்களுக்கோ தலைக்கட்டும் பஞ்சாயத்தும் திருவிழா வரியும் உள்ள ஊர்.

இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு இன்று இரண்டு விலை இருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவருக்கு அது கடலுக்கு அருகே, வெள்ளையர் நகரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள மனை. அவர் அதற்கேற்ற தொகையைச் சொல்கிறார். மீன்பிடிக் குடும்பத்துக்கு அதே மனை தொழில் கருவி. விடியுமுன் எழுந்து கடலின் போக்கைப் பார்க்கவும், வலையைத் தோளில் போட்டுக் கரைக்குப் போகவும், வந்த மீனை உடனே ஏலத்துக்கு அனுப்பவும் வீடு அங்கேதான் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது மதிப்பு எந்தப் பத்திரப்பதிவு அலுவலகத்தின் வழிகாட்டி மதிப்பிலும் ஏறுவதில்லை.

விற்பவர்களைக் குறை சொல்வது எளிது, நியாயமில்லை. அப்பா கட்டிய ஒரு வீட்டுக்கு நான்கு பிள்ளைகள் வாரிசு என்றால் ஆளுக்கு ஓர் அறைகூடத் தேறாது. படகுக் கடன், பெண்ணின் படிப்பு, மூட்டுவலியோடு கடலுக்குப் போக முடியாத வயது என்று ஒவ்வொரு விற்பனைக்குப் பின்னும் ஒரு காரணம் இருக்கிறது. மகன் கடலுக்குப் போகாமல் வேறு வேலைக்குப் போனால் வருத்தப்பட யாருக்கு உரிமை? தலைமுறை தலைமுறையாக உப்புக்காற்றில் நின்ற குடும்பத்துக்கு அந்த மண்ணின் விலை ஏறும்போது அதன் பலனும் கிடைக்கத்தான் வேண்டும்.

விருந்தினர் விடுதி நடத்துபவர்களையும் எதிரிகளாகப் பார்க்க வேண்டியதில்லை. அவர்களில் உள்ளூர்ப் பிள்ளைகளும் உண்டு. சமையலுக்கும் துப்புரவுக்கும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அங்கே வேலை கிடைக்கிறது. இடிந்து விழ இருந்த ஓட்டு வீடுகள் சில, விடுதியானதால்தான் நின்றன.

ஆனால் ஒரு வீடு விடுதியாவது வேறு, தெருவே விடுதியாவது வேறு. பத்து வீட்டில் ஒன்று கைமாறும்போது யாருக்கும் உறைக்காது. நான்காவது, ஐந்தாவது வீடு மாறும்போது வலை உலர்த்திய இடத்தில் கார் நிற்கும். கருவாட்டு வாசம் புகாராகும். மிச்சமிருப்பவர்களுக்கு அதே ஊரில் வாடகைக்கு ஒரு வீடு பிடிப்பதும் கடினமாகும். யாரும் யாரையும் துரத்துவதில்லை. ஆனாலும் ஊர் கரைகிறது.

கரைகிறது என்ற சொல் இங்கே உவமையாக மட்டும் நிற்பதில்லை. வங்கக் கடலோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் கொஞ்சம் திரும்பி வரும். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. நகரத்துக்கு முன்னால் கடற்கரையே இல்லாமல் போனது. சேரும் மணலை இயந்திரம் கொண்டு வடக்கே தள்ளிவிடும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடந்ததில்லை. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினோம். 2004 சுனாமியின்போது அந்தக் கற்கள்தாம் நகரத்தைக் காத்தன என்று நன்றியோடு சொல்பவர்கள் உண்டு. ஆனால் கல் போட்ட இடத்தில் நின்ற அரிப்பு, கல் முடிகிற இடத்தில் தொடங்கியது. அதன் பலனைக் குப்பங்களும், எல்லை தாண்டித் தமிழகத்தின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை உள்ள ஊர்களும் அனுபவித்தன. படகை இழுத்து ஏற்ற மணல் இல்லாத கரையில் மீனவர் வீட்டின் தொழில் மதிப்பு பாதியாகிவிடுகிறது. அப்போது 'விற்றுவிடலாமா' என்ற எண்ணம் வருவது இயல்பு.

மணல் திரும்பவும் செய்யும் என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டோம். தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் அமைத்த தடுப்பால், காந்தி சிலை அருகே 2019 வாக்கில் மணல் மீண்டும் சேர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் நடக்க மணல் கொண்டுவர முடிந்ததென்றால், படகு ஏற்றவும் அதே அக்கறையைக் கேட்பது தவறில்லை. கரையில் மணல் இருந்தால் மீனவர் வீட்டுக்கும் மதிப்பு, விடுதிக்கும் மதிப்பு. இரு தரப்பும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடக்கூடிய விஷயம் இது.

வீட்டு விலையைக் கட்டிப்போடச் சட்டம் போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு வெகு தொலைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் பகுதியில் இனுயிட் மக்கள் வாழும் 25 ஊர்களிலும் மனை ஊராட்சிக்குச் சொந்தம். சொந்த வீடு வைத்திருப்பவருக்கும் நிலம் குத்தகைதான். மனையை விற்க அனுமதிக்கலாமா என்று 1995-லும் 2016-லும் மக்களிடம் வாக்கெடுத்தார்கள். சொந்தப் பத்திரம் இருந்தால் கடன் வாங்க எளிது என்பது ஒரு தரப்பு. பணமுள்ள வெளியார் நிலத்தை வாங்கிக் குவித்துவிடுவார்கள் என்பது மறு தரப்பு. இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். 2016-ல் 25 ஊர்களும் அப்படியே சொல்லின. அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தனிப்பட்டா இங்கே பல பத்தாண்டுப் பழக்கம். அதைப் பறிப்பது ஏழையின் கையிலுள்ள ஒரே சொத்தைப் பறிப்பதாகும். நமக்கு அங்கிருந்து கிடைப்பது ஒன்றுதான்: விற்பதா இல்லையா என்பதை ஒவ்வொரு வீடும் தனியே முடிவு செய்யுமுன் ஊர் ஒருமுறை கூடிப் பேசியது.

நம்மிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது. வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் முகப்புகளைப் புதுப்பித்தபோது பொதுப் பணமும் வீட்டுக்காரர் பணமும் சேர்ந்தே செலவாயின. 2008-ல் யுனெஸ்கோ விருதும் வந்தது. பாரம்பரியம் என்றால் திண்ணையும் தாழ்வாரமும் மட்டுந்தானா? வலை பின்னும் கூடமும் அந்தக் கணக்கில் சேர வேண்டியதே.

சட்டமும் இதற்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 2011-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் சர்வே எண் வாரியாக வரைபடத்தில் காட்ட வேண்டும் என்றது. அவர்களுடைய நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநிலங்கள் திட்டம் தீட்ட வேண்டும் என்றும் சொன்னது. வரைபடத்தில் ஏறாத பொது இடம் பத்து ஆண்டில் காணாமல் போய்விடும். இதை அதிகாரிகள் மட்டும் செய்துவிட முடியாது. எந்த மூலையில் யார் வலை உலர்த்துகிறார்கள் என்பது ஊருக்குத்தான் தெரியும். இதற்குக் குரல் கொடுக்க வேண்டிய வார்டு உறுப்பினர் என்று ஒருவர் வெகுகாலமாக இல்லை. 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தபின் அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. அந்த வெற்றிடத்தை ஊர்ப் பஞ்சாயத்தும் குடியிருப்போரும் சேர்ந்துதான் இட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது.

விற்க நினைப்பவர் முதலில் ஊருக்குள் ஒரு வார்த்தை சொல்லலாம். வாங்க ஆளில்லாவிட்டால் வெளியே விற்க யாரும் தடை சொல்லக் கூடாது. தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டாக்களை மாற்றித்தர வருவாய்த்துறை ஊரிலேயே முகாம் போடலாம். பெயர் மாறினால்தான் வங்கிக் கடன் கிடைக்கும். கடன் கிடைத்தால் அவசர விற்பனை குறையும். காமராஜர் நூற்றாண்டுக் கல்வீட்டுத் திட்டத்தின் உதவியும் மனை யார் பெயரில் என்ற கேள்வியில்தான் பல சமயம் முட்டிக்கொள்கிறது. விடுதிக்காரர்கள் வண்டி நிறுத்தவும் கழிவுநீருக்கும் தங்கள் எல்லைக்குள் வழி செய்துகொண்டு, ஊரின் பொதுச் செலவில் ஒரு பங்கையும் ஏற்கலாம். ஊர்க்காரர்களும் அவர்களை 'வந்தவர்கள்' என்று ஒதுக்காமல் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நிற்கும் அந்த 61 நாட்களில் ஊரில் ஆட்கள் கூடுதலாக இருப்பார்கள். பேச நேரமும் இருக்கும். ஒரு மாலை, சர்வே வரைபடத்தை வலைக்கூடத்தின் தரையில் விரித்துவைத்து, எது யார் வீடு, எது எல்லாருக்கும் பொது என்று பென்சிலால் குறிக்கத் தொடங்கினால் போதும்.