பருத்தி எடுத்து முடியட்டும்!

கோவில்பட்டிச் சீமையில் வயதான அம்மாள் ஒருத்தியிடம் கண் ஆபரேஷன் பேச்சை எடுத்துப் பாருங்கள். புரட்டாசியில் கேட்டால், "விதைப்பு முடியட்டும், தாயி" என்பாள். மார்கழியில், "உளுந்தும் கம்பும் வீடு வந்து சேரட்டும்." மாசியில், "பருத்தி எடுத்து முடியட்டும்." சித்திரையில், "இந்த வெயிலிலே கண்ணுல கத்தி வைக்கலாமா?" ஆடியில், "ஆடி மாசம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாகளா?" ஆவணியில் பேத்தி கல்யாணம். அதற்குள் மறுபடியும் புரட்டாசி வந்துவிடும்!

கரிசல் மண்ணுக்குக்கூடக் கோடையில் ஓய்வு உண்டு. அந்த அம்மாளுக்கு இல்லை.

இதைப் படிக்கும் சகோதரிகளில் பலருக்கு இப்படி ஓர் அம்மாவோ, மாமியாரோ ஊரில் இருப்பார். பொங்கலுக்குப் போனபோது நீங்களே கவனித்திருப்பீர்கள். உளுந்தில் கல் பொறுக்க முறத்தை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிடுகிறார். பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார். இரவில் எதிரே வரும் லாரி விளக்கு கண்ணைக் கூசுகிறது என்கிறார். கண்புரை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் கண் அழுத்த நோயும், சர்க்கரை வியாதியால் வரும் கண் கோளாறும்கூடப் பார்வையைக் குறைக்கும். ஆகவே, "வயசானால் அப்படித்தான்" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடாமல் டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டியது. வயதாக ஆக அது மங்கிப் பால் படிந்தாற்போல் ஆகிவிடுகிறது. அதுதான் புரை. சொட்டு மருந்தாலோ, நந்தியாவட்டைப் பூச்சாற்றாலோ, தாய்ப்பாலாலோ அது கரையாது. கண்ட கண்ட சாற்றை விட்டால் கண் புண்ணாவதுதான் மிச்சம். "நன்றாகப் பழுத்த பிறகு எடுக்கலாம்" என்பதும் பழைய கணக்கு. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலானால் அதுவே சரியான சமயம். ரொம்பவும் முற்ற விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியோடு பார்வையே பறிபோவதும் உண்டு. வெயில் காலம், மழைக் காலம் என்ற பேதமும் இப்போது இல்லை.

பின் ஏன் இந்தத் தயக்கம்? பயம் ஒரு காரணம். பெரியவர்கள் சிறு வயதில் கண்ட காட்சி அப்படி. ஆபரேஷன் ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு, தலையை அசைக்காமல் நாள் கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும். பிறகு ஆயுள் முழுவதும் சோடாப் புட்டிக் கண்ணாடி! அந்தக் காலம் மலையேறிவிட்டது. யுத்தத்தின்போது விமான ஜன்னலின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் புகுந்தும் தீங்கு செய்யாமல் கிடந்ததை லண்டன் டாக்டர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். 1949-ல் அதே மாதிரிப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் அத்தகைய லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்ததும் விலை வெகுவாக இறங்கியது. இன்று பெரும்பாலோருக்குத் தையலே போடாத சிறு கீறல்தான். மறுநாள் கட்டை அவிழ்த்துவிடுகிறார்கள்.

ஆரோலேப் பிறந்தது அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலிருந்து. அந்த ஆஸ்பத்திரிக்கும் கரிசல் காட்டுக்கும் ஓர் உறவு உண்டு. அதை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ல் இந்தப் பக்கத்து அயன் வடமலாபுரத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மணலில் எழுதிப் படித்தவர். உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தில் இறந்ததைச் சிறுவயதில் கண்டு, பிரசவ டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். மூட்டுவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. மனம் தளராமல் கண் வைத்தியம் படித்து, அந்த விரல்களாலேயே லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2006-ல் காலமானார்.

அந்த ஆஸ்பத்திரியின் அனுபவம் ஒன்று நமக்குப் பாடம். "ஆபரேஷன் இலவசம்" என்று சொன்ன பிறகும் பலர் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு இல்லை, சாப்பாட்டுக்கு வழி இல்லை, துணைக்கு ஆள் இல்லை. அதனால் முகாமிலிருந்து அழைத்துப் போவதும், சாப்பாடும், திரும்பக் கொண்டுவந்து விடுவதும் இலவசமாயின. அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இலவச ஆபரேஷன் உண்டு. ஆனால் எந்த ஆஸ்பத்திரியும் பஸ்ஸைத்தான் அனுப்ப முடியும். அடுப்படியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்ப முடியாது. அது நம் பொறுப்பு!

ஆகவே ஏற்பாடுகளை வீட்டிலிருந்தே தொடங்குங்கள். தண்ணீர்க் குடம் தூக்குவது யார்? மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போடுவது யார்? விறகடுப்புப் புகையில் சமைப்பது யார்? மிளகாய் வத்தலைக் காயப்போட்டு அள்ளுவது யார்? காலையில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் மருமகளின் குழந்தையை இடுப்பில் சுமப்பது யார்? ஒரு காகிதத்தில் வேலைகளை எழுதி, எதிரே ஆள் பெயரையும் எழுதுங்கள். அதில் ஆண்பிள்ளைகளின் பெயரும் இருக்கட்டும். பளு தூக்குவதும் புகை தூசியில் நிற்பதும் டாக்டர் அனுமதிக்கும் வரை கூடாது. "நான் படுத்தால் வீடு என்ன ஆகும்?" என்ற கவலை தீர்ந்தாலே பாதி பயம் போய்விடும்.

அடுத்தது டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மாமனாருக்குச் சிறுநீர் அடைப்புக்கு மாத்திரை உண்டென்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆபரேஷனின்போது கண்மணி விரிவதை அது பாதிக்கக்கூடும். இருமல், சளி, சொத்தைப் பல், காலில் ஆறாத புண் இவற்றை மறைக்கக் கூடாது. ரவிக்கைக்கு அளவெடுப்பது போல ஒவ்வொரு கண்ணுக்கும் தனியே அளவெடுத்துத்தான் லென்ஸைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் அது தூரப் பார்வைக்குப் பொருந்தும்படி இருக்கும். படிக்கவும், ஊசி கோக்கவும் கண்ணாடி வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு ஏமாற்றம் இராது.

முதல் நாள் தலை முழுகி, நகம் வெட்டி, நன்றாகத் தூங்கட்டும். அன்று காலை முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மை, பவுடர், குங்குமம் வேண்டாம். நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும். ஆகாரமும் மாத்திரையும் ஆஸ்பத்திரியில் சொன்னபடி.

திரும்பி வந்தபின் சொட்டு மருந்துதான் முக்கியம். சில வாரங்கள் விட வேண்டியிருக்கும். பார்வை வந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தக் கூடாது. மருந்து விடுபவர் ஒவ்வொரு தடவையும் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். புட்டியின் நுனி கண்ணில் படக் கூடாது. கண்ணைக் கசக்குவதும், கண்ணில் தண்ணீர் படுவதும் ஆகாது. டாக்டர் சொல்லும் வரை, தலையைப் பின்னால் சாய்த்து வேறொருவர் அலசிவிடட்டும். தூங்கும்போது கண்ணுக்கு மூடி. மலச்சிக்கல் வராத ஆகாரம். வலி அதிகமானாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அடுத்த தடவை ஊருக்குப் போன் பேசும்போது, "கண்ணைக் காட்டினீங்களா, அத்தை?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அதற்குப் பதில் நமக்குத் தெரிந்ததுதான். "வீட்டைப் பார்த்துக்க எந்தத் தேதிக்கு நான் வரட்டும், அத்தை?" என்று கேளுங்கள். பருத்தி பாட்டுக்கு வெடிக்கட்டும். எடுக்க ஆள் இருக்கிறது!