பிள்ளைகளின் நண்பர்களுக்கு நம் வீட்டில் இடம் உண்டா?

திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் தந்திருக்கிறார். 79-வது அதிகாரமான நட்பில் தொடங்கி நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என 83 வரை செல்கிறது. நம் பெற்றோர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதோ கடைசி இரண்டை மட்டுமே. "அவனோடு சேராதே" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. நண்பனை ஆராய்வது எப்படி, கிடைத்த நட்பைக் காப்பது எப்படி என்பதை யார் சொல்லிக்கொடுப்பது?

காட்கோபரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மராத்தி, குஜராத்தி, இந்தி பேசும் நண்பர்கள் அமைவது இயல்பு. ஆனால் நாம் முதலில் கேட்பது "நம்ம ஆளா?", "எத்தனை மார்க்?" என்ற இரண்டு கேள்விகளைத்தான். இவை குணத்தைக் காட்டா. நம் பிள்ளையைக் கேலி செய்து ஒதுக்குபவன் தமிழனாகவும் இருக்கலாம். காய்ச்சலில் கிடக்கும்போது பாடக் குறிப்பைக் கொண்டுவந்து கொடுப்பவன் மராத்திக்காரனாகவும் இருக்கலாம்.

முன்பு சால் வீடுகளில் பொது வராந்தா இருந்தது. யார் பிள்ளை யாரோடு திரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று பந்த் நகரின் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. காமராஜ் நகருக்கும் மறுசீரமைப்புத் திட்டம் வந்திருக்கிறது. வசதி வரட்டும், மகிழ்ச்சியே. ஆனால் மூடிய கதவுக்குள், கைபேசியில் வளரும் நட்பை எந்த அண்டைவீட்டார் கவனிப்பார்? அந்த வராந்தாவின் வேலையை இனி நம் வீட்டு ஹால்தான் செய்ய வேண்டும்.

பிள்ளைகளின் நண்பர்களை வீட்டுக்கு அழையுங்கள். ஒரு தட்டு இட்லி வையுங்கள். அரைகுறை இந்தியானாலும் பேசுங்கள். அவர்கள் எதிரில் பிள்ளையைத் திட்டாதீர்கள். மகனின் நண்பர்களுக்குத் திறக்கும் கதவு மகளின் தோழிகளுக்கும் திறக்கட்டும்.

"வீட்டில் சொல்லாதே" என்பவன், எப்போதும் நம் பிள்ளையையே செலவு செய்ய வைப்பவன், குட்காவை நீட்டுபவன் ஆகியோரை அடையாளம் காணக் கற்றுக்கொடுங்கள். மகாராஷ்டிரத்தில் குட்கா 2012-இல் தடை செய்யப்பட்டதுதான். ஆனால் "வேண்டாம்" என்று சொல்லும் துணிவைச் சட்டம் தராது, வீடுதான் தரவேண்டும்.

நம்மிடம் சொல்லத் தயங்கும் துன்பமும் பிள்ளைக்கு நேரலாம். அதற்கு 1098 என்ற இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது. 1996-இல் நம் மும்பையில், தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் முயற்சியால் தொடங்கியது அது. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஒளித்து வைக்கப்படும் நட்பில்தான் ஆபத்து அதிகம். பிள்ளை ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி நடந்துகொள்வது பெற்றோர் கடமை என்பது என் கருத்து. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நண்பனையாவது வீட்டுக்கு அழைத்துவரச் சொல்லலாமே!