இந்நாட்டை அறிவோம்: ஈரப் புல்வெளியின் இரவுப் பூ

கோடை விடுமுறையில் காரில் புறப்படும் நாம், வழியில் அழகான பூவைக் கண்டால் சாமிப் படத்துக்கென நாலு பூப் பறிப்போம். சிலவேளை செடியையே கிண்டிக்கொண்டு வருவோம். ஊரில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறிக்கப் பறிக்கப் பூத்தன. ஆனால் மனிற்றோபாவில் நாம் தொடக்கூடாத பூ ஒன்று உண்டு.

அதன் பெயர் வெஸ்ரேர்ன் பிறேயறி பிறிஞ்ட் ஓர்க்கிட். மாகாணத்தின் தென்கிழக்கில், அமெரிக்க எல்லைக்கு அண்மையிலுள்ள தோல்ஸ்தோய், வீற்றா ஆகிய சிற்றூர்களைச் சுற்றி வளர்கிறது. கனடாவில் வேறெங்கும் இல்லை. 1984 இல்தான் இது இங்கிருப்பது அறியப்பட்டது. 1993 இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக மதிப்பிடப்பட்டது. பழைய உயர்புல் வெளிகளில் பெரும்பகுதி உழப்பட்டு வயலாகிவிட்டதே முக்கிய காரணம்.

பனி உருகும் காலத்தில் நீர் தேங்கி, கோடையில் மெல்ல வற்றும் பள்ள நிலமே இதற்கு வேண்டும். யூன் இறுதியிலும் யூலையிலும் பூக்கும். பூ பாலாடை நிறம். கீழிதழ் மூன்றாகப் பிரிந்து சேலைக் குஞ்சம்போல் தொங்கும். மல்லிகையைப் போல இரவில்தான் நன்றாக மணக்கும். தேன் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நீளக் குழாயின் அடியில் இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழலுள்ள சில பெரிய அந்துப்பூச்சிகளுக்கே அது எட்டும். அவை குடிக்கும்போது மகரந்தக் கட்டி கண்ணில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

விதையோ தூசியளவு. அதற்குள் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணிலுள்ள பூஞ்சணம் ஊட்டினால்தான் வளரும். ஆகவே கிண்டி வந்து நம் வளவில் நட்டால் செடி பிழைப்பது அரிது. பூவைப் பறித்தால் அந்த வருட விதை போய்விடும். வரட்சியான வருடத்தில் சில செடிகள் வெளியே தலைகாட்டாமல் கிழங்காக நிலத்தடியிலேயே இருந்துவிடும். பூவைக் காணவில்லையென்று அந்த நிலத்தைக் கிண்டுவதும் தவறு.

இச்செடிக்கு ஊறு செய்வதை மாகாணச் சட்டம் தடைசெய்கிறது. பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாது என்பது அங்கே சாட்டாகாது.

வீதியோர வாய்க்காலிலும் இது பூப்பதுண்டு. கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டுவோம், படம் எடுப்போம். சாமிக்கு வீட்டில் செவ்வந்தி நடுவோம். உறைபனி விழும்வரை பூக்கும், பிள்ளைகளே பறித்துத் தருவார்கள்.