கைராசி என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்

சுவாமிமலைச் சிலைகளைப் பற்றி யார் பேசினாலும் இரண்டு வசனம்தான். "காவிரி மண்ணின் மகிமை" என்பார்கள். இல்லாவிட்டால் "ஸ்தபதியின் கைராசி". இரண்டைக் கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. காரணம் சொல்கிறேன்.

போன மாதம் என் பேரன் மடிக்கணினியில் ஒரு படம் காட்டினான். இயந்திரவியல் கடைசி வருஷம் படிக்கிறான். எஃகு ஆலையில் நடக்கும் தொடர் வார்ப்பு அது. சுமார் 1500 டிகிரியில் உருகிய எஃகு, தண்ணீரால் குளிரவைத்த தாமிர அச்சுக்குள் இறங்குகிறது. வெளித்தோல் இறுகுகிறது, உள்ளே இன்னும் குழம்புதான். தோல் மெலிந்து கிழிந்தால் எஃகு வெளியே கொட்டிவிடும். அதனால் வெப்பம் எப்படி வெளியேறும், குழம்பு எப்படி ஓடும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்களாம்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தக் கணக்கின் மூலவர்கள் பழக்கமானவர்கள். வெப்பம் பற்றிய ஃபூரியேயின் நூல் வெளிவந்தது 1822இல். திரவ ஓட்டத்துக்கான சமன்பாட்டை நவியே பாரிஸ் அகாதமியில் வாசித்ததும் அதே வருஷம்.

"சுவாமிமலையில் வார்ப்பு பார்த்திருக்கிறாயா?" என்றேன்.

"அது கைத்தொழில்தானே தாத்தா!"

அந்தக் கைத்தொழிலில் என்ன நடக்கிறது? மெழுகுச் சிலைமேல் முதலில் நைசான வண்டல் மண் பூச்சு, பிறகு கனத்த மண். சூடாக்கி மெழுகை வடிக்கிறார்கள். அச்சின் சூடு ஆறுவதற்குள் உலோகத்தை ஊற்ற வேண்டும். நடராஜரின் விரல் நுனியை எட்டுமுன் அது உறைந்தால் சிலைக்கு விரல் இராது. விட்டு விட்டு ஊற்றினால் ஒட்டாத கோடு விழும். காற்று வெளியேறாவிட்டால் குழி விழும்.

ஆலைக்காரர் சீக்கிரம் இறுகட்டும் என்று அச்சைக் குளிர்விக்கிறார். ஸ்தபதி சீக்கிரம் இறுகிவிடக் கூடாதென்று அச்சைச் சூடாக்குகிறார். கேள்வி ஒன்று, விடை நேரெதிர்.

ஸ்தபதிக்குச் சமன்பாடு தெரியாதே என்பீர்கள். நவியேவுக்கு நடராஜரை வார்க்கத் தெரியுமா?

மகிமை என்று சொல்லிவிட்டால் அளக்க வேண்டியதில்லை. கைராசி என்று சொல்லிவிட்டால் பாடத்தில் சேர்க்க வேண்டியதில்லை. புகழ்ச்சி போலத் தெரியும் இந்தப் பேச்சு உண்மையில் கைகழுவல். புவிசார் குறியீடு வாங்கியாயிற்றே என்று சமாதானம் சொல்லாதீர்கள். அது பெயரைக் காக்கும். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனபின் அப்பாவின் கண்ணிலும் கையிலும் இருந்த அறிவை எது காக்கும்?

நான் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். கோப்பில் ஏறாதது நடக்காததற்குச் சமம் என்பது எங்கள் வேதம். அச்சு எத்தனை டிகிரி, உலோகம் எத்தனை டிகிரி, ஊற்ற எத்தனை விநாடி: இந்த மூன்று எண்களைக் குறிக்க ஒரு வெப்பமானியும் கடிகாரமும் போதும். தஞ்சாவூர்ப் பொறியியல் மாணவர்கள் ஒரு வருஷ புராஜெக்டை அங்கே செய்யட்டும். ஸ்தபதி சம்மதித்தால் செய்யட்டும். முதல் பக்கத்தில் அவர் பெயர் ஆசிரியராக இருக்கட்டும்.

பேரனிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வார்ப்புக்கு இருவரும் போகிறோம். நோட்டுப் புத்தகம் என் செலவு.