மே மாசம் காய் வித்தது யாரு? ஃபில்டர் போட்ட கணக்கை நம்புறதுக்கு முன்னாடி

"மே மாசம் நாம எங்கடா காய் வித்தோம்?"

போன வருஷம் ரிட்டர்ன் நேரத்தில், போடியில் ஒரு வீட்டில் ஒரு அப்பா தன் மகனைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. மகனுக்கு பெங்களூரில் ஐடி வேலை. போடிமெட்டு தாண்டி பூப்பாறை போகிற பக்கம் மூணு ஏக்கர் ஏலத்தோட்டம். தோட்டத்தைப் பார்த்துக்கிறது அப்பாதான். ஆனால் நிலத்தை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்து சில வருஷம் ஆகிவிட்டது. அதனால் வருமான வரிக் கணக்கில் அந்தத் தோட்டத்து வருமானம் மகனுடையது.

தம்பி கெட்டிக்காரன். கூகுள் ஷீட் ஒன்று, அதற்கு மேலே ஒரு லோ-கோட் ஆப். போடியிலோ புத்தடியிலோ ஏலத்தில் லாட் விற்றவுடன் அப்பா பில்லை போட்டோ எடுத்து அனுப்புவார். இவன் தேதி, லாட் நம்பர், எடை, கிலோ ரேட் எல்லாம் ஏற்றிவிடுவான். ரிட்டர்னுக்காக 1-4-2024 முதல் 31-3-2025 வரை என்று ஃபில்டர் போட்டான். மொத்த விற்பனை 13 லட்சம். கூலி, உரம், மருந்து, ஸ்டோர் செலவு எல்லாம் தனிக் கணக்கில் 9 லட்சம். "அண்ணே, விவசாய வருமானம் நாலு லட்சம்னு போட்டுருங்க"ன்னு சொல்லிட்டான். நானும் போட்டிருப்பேன். மாசவாரியா ஒரு சார்ட் வேற அழகாக வந்திருந்தது. அதில் மே மாசத்தில் ஒரு கம்பம் நின்றது.

ஆப், ஃபில்டர் எதுவும் தெரியாத அப்பாவுக்கு அது மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. அந்த வருஷம் அவங்க முதல் எடுப்பே ஜூலையில்தான். பழைய காயும் கையில் இல்லை. அப்புறம் மே மாசம் விற்றது யாருடைய காய்?

நோட்டை எடுத்தோம். நோட்டில் 16 விற்பனை. ஆப்பில் 11. விட்டுப்போன அஞ்சுக்கும் சேர்த்து 5 லட்சம்.

நடந்தது இதுதான். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரைக்குமான 9 விற்பனையை, ஆப் செய்வதற்கு முன்னால் வேறு இடத்தில் எழுதி வைத்திருந்து, மொத்தமாக ஷீட்டில் பேஸ்ட் செய்திருக்கிறான். அந்த ஷீட்டின் லொகேல் அமெரிக்காவில் இருந்தது. அமெரிக்காக்காரனுக்கு மாசம் முதலில், நாள் அப்புறம். நாம 05/08/2024 என்று எழுதினால் ஆகஸ்ட் 5. அந்த ஷீட்டுக்கு அது மே 8. அதுதான் மே மாசத்துக் கம்பம். 07/10 ஜூலை 10 ஆகிப்போனது. 12/08 டிசம்பர் 8 ஆனது. 09/09 மட்டும் எந்த ஊர்க்காரன் படித்தாலும் ஒன்றுதான் என்பதால் தப்பித்தது.

இந்த நாலும் நிதியாண்டுக்குள்ளேயே புரண்டதால் மொத்தத் தொகையில் சேர்ந்துவிட்டன. அது அதிர்ஷ்டம். ஜனவரி 4, 2025 அன்று விற்றதை 04/01/2025 என்று இதே மாதிரி பேஸ்ட் செய்திருந்தால் அது ஏப்ரல் 1, 2025 ஆகி, ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் அடுத்த நிதியாண்டுக்குப் போயிருக்கும்.

மிச்ச அஞ்சுதான் பெரிய சிக்கல். 26/08/2024, 23/09/2024 மாதிரி தேதிகள். 26-வது மாசம் என்று ஒன்று இல்லையே. அதனால் ஷீட் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. பார்க்கிற நமக்கு அது தேதி மாதிரியேதான் தெரியும். ஃபில்டருக்கு அது "வணக்கம்" என்று எழுதியிருப்பதும் ஒன்றுதான். ஏப்ரல் 1-க்கு மேலா, மார்ச் 31-க்குள்ளயா என்று கேட்டால் ரெண்டும் இல்லை. சிவப்பு எழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை, பேசாமல் கழன்றுவிட்டது.

சரி, விவசாய வருமானத்துக்குத்தான் வரி இல்லையே, நாலு லட்சமோ ஒன்பது லட்சமோ என்ன வந்தது என்று கேட்பீர்கள். சம்பளம் வாங்கும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லை. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை வரம்பைத் தாண்டினால், உங்கள் சம்பளத்துக்கு என்ன ஸ்லாப் என்று முடிவு செய்யும்போது அது உள்ளே வரும். முதலில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் கூட்டி வரி போடணும். அப்புறம் விவசாய வருமானத்தோடு அடிப்படை வரம்பைக் கூட்டி அதற்கு ஒரு வரி போடணும். முதலாவதிலிருந்து ரெண்டாவதைக் கழித்தால் நீங்கள் கட்ட வேண்டியது.

தம்பிக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக சம்பளம் 12 லட்சம், புதிய வரி முறை. 2024-25 ஸ்லாப்படி தோட்டமே இல்லையென்றால் வரி 80,000. விவசாய வருமானம் 4 லட்சம் என்றால் 16 லட்சத்துக்கான 1,70,000-இல் 7 லட்சத்துக்கான 20,000 கழித்து 1,50,000. அதே 9 லட்சம் என்றால் 21 லட்சத்துக்கான 3,20,000-இல் 12 லட்சத்துக்கான 80,000 போக 2,40,000. வித்தியாசம் 90,000. 4% செஸ் சேர்த்தால் 93,600 ரூபாய். ஷீட்டில் ஒரு லொகேல் செட்டிங்குக்கு இவ்வளவு விலை.

அதோடு நிற்கவில்லை. நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்னில் நிலத்தின் மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்ற விவரமெல்லாம் கொடுக்கணும். நாலு லட்சம் என்று போட்டிருந்தால் அந்தப் பகுதியைத் தொட்டே இருக்க மாட்டோம். (5,000-க்கு மேல் விவசாய வருமானம் இருந்தால் ஐடிஆர்-1 போடவே முடியாது, ஐடிஆர்-2 தான். கமென்ட்ல வாராவாரம் இதைக் கேட்கிறீங்க.) வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக முடிவானால் 270ஏ பிரிவில் அந்த வரியில் 50% அபராதம் வர வாய்ப்பு உண்டு. நோட்டீஸ் வந்தபின் "ஆப்ல அப்படித்தான் சார் காட்டுச்சு" என்று பதில் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். ரிட்டர்னின் கீழே 'சரிபார்த்தேன்' என்று உறுதி கொடுத்தது நீங்கள்தான், ஆப் இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம், "அதுக்குத்தான் நோட்டுல எழுதணும்கிறது" என்று வரும். நான் அந்தக் கட்சி இல்லை. 16 பில்லுக்கு நோட்டு போதும்; 600 பில்லுக்கு, ஏழு வருஷத்துக்கு, ரெண்டு ஊருக்கு நோட்டு போதாது. ஆப்ஷீட், ஸோஹோ கிரியேட்டர், பவர் ஆப்ஸ் என்று எதிலாவது செய்யுங்கள், நல்லதுதான். நான் சண்டை போடுவது ஒரே ஒரு விஷயத்துக்கு: ஃபில்டர் போட்டு வந்த தொகையை விடை என்று எடுத்துக்கொள்கிற பழக்கம். ஃபில்டர் தனக்குப் புரிந்ததை மட்டும் கொடுக்கும். புரியாமல் விட்டது எத்தனை என்று அதுவாகச் சொல்லாது.

சில இடத்தில் புரிந்தும் விட்டுவிடும். பவர் ஆப்ஸில் டெலிகேஷன் என்று ஒன்று உண்டு. உங்கள் ஃபில்டரை டேட்டா இருக்கிற இடத்திலேயே ஓட்ட முடியாத வகையில் எழுதியிருந்தால், ஆப் முதல் 500 வரிகளை மட்டும் இறக்கி அதற்குள்ளேதான் தேடும். செட்டிங்கில் அதிகபட்சம் 2,000 வரை ஏற்றலாம், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் இதை மறைக்கவில்லை. ஆப் செய்கிறபோது மஞ்சள் முக்கோணம் போட்டு எச்சரிக்கும். ஆனால் ஆபீசில் அந்த ஆப்பைத் திறக்கிற ஆளுக்கு முக்கோணம் தெரியாது. 501-வது பில் அவரைப் பொறுத்தவரை இல்லாத பில்.

தேதியோடு நேரமும் பதிவாகிற ஆப்களில் இன்னொரு கூத்து. "மார்ச் 31 வரை" என்று போட்டால் பல ஆப்களுக்கு அது மார்ச் 31 பிறக்கிற நள்ளிரவு 12 மணி. அன்று மதியம் 3 மணிக்கு ஏற்றிய பில் வெளியே நிற்கும். "ஏப்ரல் 1-க்கு முன்" என்று போட்டுப் பழகுங்கள், இந்தத் தொல்லை போய்விடும். உள்ளே உலக நேரத்தில் சேமிக்கிற ஆப் என்றால் நமக்கும் அதற்கும் அஞ்சரை மணி நேர வித்தியாசம். ஏப்ரல் 1 விடிகாலை 2 மணிப் பதிவு அங்கே மார்ச் 31 ராத்திரி 8.30. நிதியாண்டே மாறிவிடும்.

தோட்டம் இல்லாதவர்கள் "நமக்கு இல்லப்பா" என்று கிளம்ப வேண்டாம். மியூச்சுவல் ஃபண்ட், ஷேர் வைத்திருக்கிறீர்களா? 2024 ஜூலை 23 முதல் விற்றதற்குக் குறுகிய கால லாபத்தில் 20%, நீண்ட கால லாபத்தில் 12.5%. அதற்கு முன் விற்றதற்கு 15%, 10%. அந்த வருஷக் கணக்கை இந்த ஒரு தேதியில் வெட்டித்தான் போட வேண்டியிருந்தது. அதுபோக எந்த வருஷமாக இருந்தாலும் லாபத்தை ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று காலவாரியாகப் பிரித்து ரிட்டர்னில் காட்டணும். முழுக்க முழுக்க தேதி ஃபில்டர் வேலை. புரோக்கரிடமிருந்து இறக்கிய ஃபைலில் 06/07 என்று இருந்தால் அது ஜூலை 6-ஆ, ஜூன் 7-ஆ என்று முதலில் பாருங்கள்.

எண்களைப் பற்றி ஒன்று. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறியவர்களுக்குத் தெரியும், 17 கொண்டை ஊசி வளைவு. அஞ்சாவது வளைவையும் ஆறாவது வளைவையும் யாராவது கூட்டுவார்களா? அந்த எண் ஒரு பேர், அளவு இல்லை. லாட் நம்பரும் பில் நம்பரும் பேங்க் அக்கவுன்ட் நம்பரும் அதே ஜாதி. அவற்றை ஆப்பில் எழுத்தாக வையுங்கள். எண்ணாக வைத்தால் 007 வெறும் 7 ஆகிவிடும், அப்புறம் 007 என்று தேடினால் கிடைக்காது. எக்ஸலில் 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்ச இலக்கங்கள் பூஜ்யமாகவே மாறிவிடும். எடை, ரேட், தொகை இதெல்லாம் கூட்டுகிற எண். இவை எண்ணாகத்தான் இருக்கணும். "42 கிலோ" என்று அடித்துவிட்டால் அது எழுத்து. எழுத்தாகப் பார்த்தால் 9 பெரிது, 10 சிறிது, ஏனென்றால் முதல் எழுத்தைத்தான் ஒப்பிடும். 50 கிலோவுக்கு மேல் போன லாட் எது என்று கேட்டால் 9 கிலோ லாட்டும் வந்து நிற்கும், 120 கிலோ லாட் வராது.

என்ன செய்யலாம்? நான் அந்தத் தம்பிக்குச் செய்யச் சொன்னது: ரிப்போர்ட்டின் மேலே மூணு எண். மொத்தம் எத்தனை வரி, ஃபில்டரில் வந்தது எத்தனை, தேதி காலியாகவோ தேதியாக இல்லாமலோ இருப்பது எத்தனை. மூணாவது எண் 0 இல்லையென்றால் தொகையைப் பார்க்கவே கூடாது. ஷீட்டில் ஃபைல் மெனு, செட்டிங்ஸ் போய் லொகேலை இந்தியா ஆக்கினான். ஆனால் அது இனிமேல் வருவதற்குத்தான். ஏற்கெனவே மே மாசம் ஆகிப்போன ஆகஸ்ட் தானாகத் திரும்பாது, ஒவ்வொன்றாகத் திருத்தணும். திருத்தியபின் நாலு லாட்டை நம்பர் போட்டுத் தேடி பில்லோடு ஒப்பிட்டோம். ஸ்பைசஸ் போர்டு தளத்தில் ஏல நாள்வாரியாக எத்தனை லாட், எத்தனை கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று போடுகிறார்கள். நம்ம பில்லில் உள்ள தேதிக்கு அங்கே ஏலமே இல்லையென்றால் தேதி தப்பு என்று அப்போதே தெரிந்துவிடும். ஷீட், ஆப் ரெண்டிலும் இதைச் செய்வது எப்படி என்று வீடியோவில் ஸ்கிரீனோடு காட்டியிருக்கிறேன்.

இப்போது அந்த ஆப்பைத் திறந்தால் மேலே 16, 16, 0 என்று வருகிறது. அப்பா நோட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. மகன் நிறுத்தச் சொன்னானாம். நான், "இன்னும் ஒரு ரெண்டு வருஷம் எழுதட்டும் விடு" என்றேன்.